கவுன்ட்டர் அக்கா திருத்திய பக்கம்

எங்கள் கண் மருத்துவமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டு வருடமாக முதல் கவுன்ட்டரிலேயே உட்கார்ந்திருந்ததால் கவுன்ட்டர் அக்கா. டாக்டர்களுக்கும் அக்கா, அவரைவிட இருபது வயது மூத்த நோயாளிகளுக்கும் அக்கா. நான் அதே கூடத்தின் மறுகோடியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து போடும் நர்ஸ். அந்தச் சொட்டு போட்டால் கண்மணி விரியும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து எதுவும் பிடிபடாது. என்னிடமிருந்து எழுந்து போகிறவர்கள் தட்டுத்தடுமாறி அக்காவிடம்தான் போய் நிற்பார்கள். அதனால் நாங்கள் இருவரும் ஒருநாளைக்கு நூறு முறையாவது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

அக்கா பட்டப்படிப்பை முடிக்கவில்லை. இரண்டாம் வருடத்தில் கல்யாணம், அடுத்த வருடம் மகள், பிறகு ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை, அப்புறம் இங்கே. கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். வீட்டில் கணவரின் மூத்த சகோதரியும் உண்டு. அக்கா அவரை அண்ணி என்று கூப்பிடுவார். அண்ணிக்குச் சின்ன வயதிலேயே கண் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. கோர்ட் விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொடுப்பது அவர் தொழில். வேலையில் பிழை வராது, வாயில் தயவு வராது. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் பதினெட்டு வருடமாக ஒரே சமையலறையில் முட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூடத்தில் சத்தம் எழுந்தது. கையில் துணிப்பையோடு ஒரு தையல்காரர் கவுன்ட்டர் முன்னால் நின்றிருந்தார். சர்க்கரை நோயால் கண் கெட்டு, லேசர் சிகிச்சைக்கு ஆறு வாரம் காத்திருந்து வந்தவர்.

“உங்க பேரு லிஸ்ட்ல இல்லீங்களே,” என்றார் அக்கா.

“எப்படி இல்லாம போகும்? நானே போன்ல பதிவு பண்ணேன். ஏத்துக்கிட்டோம்னு வந்துச்சே!”

அக்கா கணினியில் தேடிப்பார்த்தார். “நீங்களே ரத்து பண்ணிருக்கீங்க. தேதி எடுத்த அதே நிமிஷத்துல.”

“நான் எதுக்கும்மா ரத்து பண்ணப்போறேன்? எனக்கென்ன பைத்தியமா? ஊசியில நூல் கோக்க முடியாம ரெண்டு மாசமா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்!”

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளாயிருந்தால் அக்கா மீண்டும் ஒரு தேதி எழுதிக்கொடுத்து அனுப்பியிருப்பார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று அன்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. “போனைக் கொடுங்க. எப்படிப் பண்ணீங்கன்னு எனக்கு ஒருதடவை காட்டுங்க,” என்றார்.

நானும் எட்டிப்பார்த்தேன். சின்னத் திரை கொண்ட பழைய போன். கண் சரியாகத் தெரியாததால் எழுத்துகளை முடிந்த மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தார். மருத்துவமனையின் இணையப் பக்கத்தைத் திறந்து, டாக்டரைத் தேர்ந்தெடுத்து, தேதியைத் தொட்டார். கீழே இரண்டு பட்டன்கள் வந்தன. இடது பக்கம் ‘முன்பதிவை’ என்று இருந்தது. வலது பக்கமும் ‘முன்பதிவை’ என்றுதான் இருந்தது.

“ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?” என்றேன்.

அக்கா தன் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தார். பெரிய திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. ஒன்று ‘முன்பதிவை உறுதிசெய்’. மற்றது ‘முன்பதிவை ரத்துசெய்’. எழுத்து பெரிதானபோது பின்பாதி வெட்டுப்பட்டிருந்தது.

“பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. அதுகூடத் தெரியலையா?” என்று வரிசையில் நின்ற யாரோ கேட்டார்.

“நூல் கலரையே என் வீட்டுக்காரிதாங்க எடுத்துத் தர்றா,” என்றார் தையல்காரர். குரல் அடங்கியிருந்தது.

அக்கா சிவப்பைத் தொட்டுப் பார்த்தார். ‘உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று வந்தது. பச்சையைத் தொட்டாலும் அதே வாசகம்தான். அந்த மனிதர் எதை நம்பி வந்தாரோ அதை எங்கள் பக்கமே சொல்லியிருந்தது. அக்கா எழுந்து நேராக டாக்டர் அறைக்குப் போனார். அன்று பிற்பகல் கடைசி ஆளாகத் தையல்காரருக்கு லேசர் நடந்தது.

மதியம் அக்கா சாப்பிட வரவில்லை. கடந்த மாதப் பட்டியலை வைத்துக்கொண்டு, தேதி எடுத்த அதே நிமிடத்தில் ரத்தானவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று பேர்.

“இவங்கள்ல எத்தனை பேரு போன் பண்ணிருப்பாங்க தெரியுமா? ‘வர்றீங்களா இல்லையான்னு முடிவு பண்ணிட்டுப் போடுங்க’ன்னு நான் வெடுக்குன்னு பேசிருக்கேன். ஒருத்தர்கிட்ட இல்ல, நிறைய பேர்கிட்ட,” என்றார். கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கணினி அறைக்குப் போனார்.

கணினி அறையில் ஒரே ஒருவர். எங்களுக்கெல்லாம் மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக்கொடுப்பதே அவருடைய முழுநேர வேலையாகிவிட்டதால் அவருக்குப் பாஸ்வேர்டு சார் என்றே பெயர். பக்கத்தைக் கட்டியது ஒரு வெளிக் கம்பெனி. ஒப்பந்தம் முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். கோப்புகள் மட்டும் சாரிடம் இருந்தன. அவர் முனகிக்கொண்டே திறந்து காட்டினார்.

“இது என்ன சார், நூத்தி இருபது?”

“அது பட்டனோட அகலம்.”

“யாரு போனுக்கு நூத்தி இருபது?”

“எல்லாருக்கும் அதேதான்.”

“எழுத்து பெருசானா?”

“பெட்டி பெருசாகாது.”

“அப்போ மிச்ச எழுத்து எங்க போகும்?”

சார் அடுத்த வரியைத் தொட்டுக் காட்டினார். “வெளியே வழியிறதை மறைச்சிடுன்னு எழுதிருக்கான்.”

“அடப்பாவி! ரத்துங்கிற வார்த்தையவா மறைக்கிறது?”

அன்று சாயங்காலமே இரண்டு பட்டன்களையும் ‘உறுதி’, ‘ரத்து’ என்று சுருக்கினார்கள். பின்னால் வரும் வாசகங்களையும் தனித்தனியாக மாற்றினார்கள். தவறாக ரத்தாவது நின்றது. நிர்வாகி மேடம் இருவரையும் பாராட்டி, “பிரச்சினை முடிஞ்சுதுல்ல?” என்றார். முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “உங்க ஆஸ்பத்திரி பக்கமா? அதை நான் ரெண்டு வருஷம் முன்னாடியே திறந்து பாத்துட்டு மூடிட்டேன்,” என்றார்.

“ஏன் அண்ணி?”

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதைப் போன் வாய்விட்டுப் படித்துக்காட்டும். அண்ணி வைத்திருக்கும் வேகத்தில் அது பேசினால் மற்றவர்களுக்குப் பொரிகடலை கொட்டுகிற மாதிரிதான் கேட்கும். அக்காவுக்காக வேகத்தைக் குறைத்தார். போன் பேசியது: “படம். படம். இணைப்பு. படம். திருத்தும் இடம். திருத்தும் இடம்.” அப்புறம் மௌனம்.

“இந்தத் திருத்தும் இடத்துல என்ன போடணும்?” என்று அக்கா கேட்டார்.

“அதை நீதான் சொல்லணும். பேரா, போன் நம்பரா, என் ஜாதகமா? ஒண்ணும் சொல்லல பாரு. பட்டன் எங்க இருக்குன்னும் சொல்லல.”

“இதை ஏன் அண்ணி என்கிட்ட சொல்லவே இல்ல?”

“சொன்னேனே. நீதான், ‘விடுங்க அண்ணி, நான் போட்டுத் தர்றேன்’னுட்டே. ஆறு மாசத்துக்கு ஒருதடவை நீ போட்டுத் தர்றே, நானும் வர்றேன். ஊரெல்லாம் பேங்க் வேலை, கோர்ட் வேலை எல்லாம் நானேதான் பாத்துக்கிறேன். உன் ஆஸ்பத்திரிக்கு மட்டும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு வர வேண்டியிருக்கு.”

அண்ணி இதைக் கோபமாகச் சொல்லவில்லையாம். வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாராம். “கோபமா சொல்லியிருந்தா திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன்,” என்றார் அக்கா என்னிடம்.

மறுநாளிலிருந்து அக்கா படிக்க ஆரம்பித்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்கள், மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம், பாஸ்வேர்டு சாரின் ஓரத்துக் கணினி. எச்.டி.எம்.எல் என்பது பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் இன்னதென்று சொல்வது, சி.எஸ்.எஸ் என்பது அது எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்வது. இதை அக்கா எனக்கு விளக்கியபோது ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை.

“இங்க பாரு. அந்தக் கம்பெனிக்காரன் பட்டனைப் பட்டன்னு எழுதவே இல்ல. சும்மா ஒரு பெட்டி வரைஞ்சு, கலர் பூசி, பட்டன் மாதிரி வேஷம் போட்டுட்டான். கண்ணு இருக்கிறவங்க ஏமாந்துடுவாங்க. அண்ணியோட போன் ஏமாறாது. அதுக்குப் பெட்டின்னா பெட்டிதான்.”

சறுக்கல்களும் இருந்தன. ஒருநாள் ஒரே ஒரு மூடும் அடைப்புக்குறியை விட்டுவிட்டதால், பக்கம் முழுக்க நிறமும் ஒழுங்கும் போய்ச் சரிந்து கிடந்தது. இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் பாஸ்வேர்டு சார் அதைக் கண்டுபிடித்தபோது இருவரும் குழந்தைகள் மாதிரி கைதட்டியது கூடம் வரை கேட்டது. முதலில் முனகியவர், நான்காவது வாரம் அக்காவுக்கு முன்னாலேயே வந்து கணினியைத் திறந்து வைத்திருப்பார். பாஸ்வேர்டு கேட்டுப் போனவர்களை, “கொஞ்சம் பொறுங்க, முக்கியமான வேலை நடக்குது,” என்று நிற்கவைத்தார்.

புதிய முன்பதிவுப் பகுதியின் முதல் வடிவத்தை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை எதையும் விட்டுவிடக் கூடாது என்று, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் எழுதியிருந்தார். அண்ணியின் போன் படிக்கத் தொடங்கியது: “அழகான நீல நிறக் கோடு, படம். மருத்துவரைத் தேர்வு செய்வதற்கான பட்டன், பட்டன். அலங்காரப் பூ, படம்.”

“நிறுத்து நிறுத்து,” என்றார் அண்ணி. “முன்னாடி ஊமையா இருந்துச்சு. இப்போ வாயாடி ஆயிடுச்சு. பட்டன்னு அதுவே சொல்லும். நீ வேற எதுக்குப் பட்டன்னு எழுதுறே? பூவை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?”

“எது வேணும், எது வேணாம்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணி?”

“எது இல்லாம எனக்கு வேலை நடக்காதோ அது வேணும்.”

அந்த வாரம் அக்கா எழுதியதில் பாதியை அழித்தார். ஒவ்வொரு திருத்தும் இடத்துக்கும் அதற்குரிய பெயர் மட்டும் நின்றது. அலங்காரப் படங்களைப் போன் தாண்டிப் போகும்படி செய்தார். தலைப்புகளை உண்மையான தலைப்புகளாகக் குறித்தார். அண்ணியால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடிந்தது.

பிறகு கணவரிடம் சோதனை. பிரிட்ஜ் மெக்கானிக்கின் கட்டைவிரல் தடிமனானது. பதினைந்தாம் தேதியைத் தொட்டால் பதினாறு விழுந்தது.

“உன் கட்டம் சின்னதா இருக்கு,” என்றார் அவர்.

“உங்க விரல்தான் பெருசா இருக்கு.”

“விரலை மாத்த முடியாது. கட்டத்தை மாத்து.”

அக்கா கட்டங்களைப் பெரிதாக்கி, நடுவில் இடைவெளியும் விட்டார். பெரிதாக்கியதும் சின்ன போனில் ஏழு நாளும் ஒரு வரிசையில் அடங்கவில்லை, சனியும் ஞாயிறும் திரைக்கு வெளியே போய்விட்டன. அதனால் சின்னத் திரையில் மாதக் கட்டமே வேண்டாம், காலியான நாட்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும் என்று மாற்றினார். அகலமான திரையில் கட்டமாகவும், குறுகலான திரையில் பட்டியலாகவும் அதே பக்கம் தானே மாறிக்கொண்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டனும் கூடவே வளர்ந்தது, வார்த்தை நீளமானால் அடுத்த வரிக்கு மடங்கியது. ‘முன்பதிவை ரத்துசெய்’ என்ற முழு வாசகமும் திரும்பி வந்தது.

நான்கு மாதம் ஆகியிருந்தது. அக்காவும் சாரும் நிர்வாகி மேடத்திடம் காட்டினார்கள். மேடத்துக்குப் பிடிக்கவில்லை.

“எழுத்து ஏன் இவ்வளவு கறுப்பா, பெருசா இருக்கு? பழசுல இளஞ்சாம்பல் நிறத்துல எவ்வளவு நாகரிகமா இருந்துச்சு. இது என்ன, பட்டனைச் சுத்தித் தடியா ஒரு கோடு?”

“மவுஸ் இல்லாம, கீபோர்டைத் தட்டித் தட்டிப் போறவங்களுக்கு இப்போ எங்க நிக்கிறோம்னு அந்தக் கோடுதான் மேடம் காட்டும். நம்ம கூடத்துல நோயாளிங்களுக்கு வச்சிருக்கிற கணினியில மவுஸ் வேலை செஞ்சே பல நாளாச்சு.”

“மவுஸ் வாங்கிடலாம். பழசு ஓடுதுல்ல? ஓடுறதை எதுக்குக் கலைக்கணும்? பாப்போம்,” என்றார் மேடம். எங்கள் மருத்துவமனையில் ‘பாப்போம்’ என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம்.

அக்கா இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். “வியாழக்கிழமை ஊழியர்களுக்கு வருஷப் பரிசோதனைதானே? மேடத்துக்கும் நீதானே சொட்டு போடுவே?”

“ஆமா.”

“போட்டதுக்கு அப்புறம் என்கிட்ட அனுப்பி வை. போதும்.”

வழக்கமாகப் போடுவதைத்தான் போட்டேன், ஒரு சொட்டு கூட அதிகமில்லை. அரை மணி நேரத்தில் மேடத்தின் கண்மணிகள் நன்றாக விரிந்தன. கையைப் பிடித்துக் கவுன்ட்டரில் கொண்டுபோய் விட்டேன். வெளிச்சம் கூச, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

“மேடம், டாக்டர் உங்களைப் பதினாறாம் தேதி காலையில மறுபடி வரச் சொல்லிருக்கார். உங்க போன்லயே பதிவு பண்ணிடுறீங்களா?” என்றார் அக்கா, ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

மேடம் போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். பிறகு மூக்கருகே கொண்டுவந்தார். எழுத்தைப் பெரிதாக்கினார். இளஞ்சாம்பல் நிறம் வெள்ளைத் திரையில் பனியாகக் கரைந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், “பதிவாயிடுச்சு,” என்று நிம்மதியாகச் சாய்ந்தார்.

அக்கா கணினியைப் பார்த்தார். “ஒன்பதாம் தேதின்னு விழுந்திருக்கு மேடம். மாலைன்னு இருக்கு.”

“நான் காலைன்னுதானே தொட்டேன்!”

“காலைக்கும் மாலைக்கும் ஒரே ஒரு எழுத்துதானே மேடம் வித்தியாசம். தெளிவாத் தெரியலேன்னா ரெண்டும் ஒண்ணுதான்.”

அக்கா புதிய பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். கறுப்பு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நாட்கள். பதினாறைத் தொட்டதும் ‘காலை 9.30’, ‘மாலை 4.30’ என்று மணியோடு இரண்டு அகலமான பட்டன்கள். கடைசியில் பக்கமே திருப்பிச் சொன்னது: ‘16ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை 9.30. இது சரியா?’

மேடம் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு, “இங்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் பாக்குறாங்களா?” என்று கேட்டார்.

“உங்களுக்குச் சாயங்காலம் சரியாயிடும் மேடம். அவங்களுக்கு அப்படி இல்ல.”

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புதிய பக்கம் வந்தது. பத்தே காலுக்கு முதல் புகாரும் வந்தது: மிகப் பழைய போன்களில் நாட்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பாஸ்வேர்டு சார் தலையில் கைவைத்தார். அக்கா புகார் சொன்னவரிடம் மன்னிப்புக் கேட்டு, என்ன போன், என்ன தெரிகிறது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மதியத்துக்குள் சரியானது. அந்த வாரம் வெடுக்கென்று அவர் யாரிடமும் பேசி நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணி வந்தார். கைத்தடியைத் தட்டிக்கொண்டு தனியாக, வாசலில் ஆட்டோவை அனுப்பிவிட்டு, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கவுன்ட்டரில் தன் பெயரையும் பதினொன்றரை மணி என்ற நேரத்தையும் சொன்னார். அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அண்ணி! இன்னைக்கு வர்றதா ஒரு வார்த்தை சொல்லலையே?”

“எதுக்குச் சொல்லணும்? லிஸ்ட்ல இருக்கேனா இல்லையா, அதைப் பாரு.”

இருந்தார். அக்கா சீட்டை நீட்டினார். அண்ணி சீட்டை வாங்கிக்கொண்டு, “மூணாவது பக்கத்துல போன் நம்பர் தப்பாப் போட்டா, தப்புன்னு மட்டும் சொல்லுது. எங்க தப்புன்னு சொல்லல. பாத்துக்க,” என்றார். பின்னால் நின்றவர்களைப் பொருட்படுத்தாமல், அக்கா அதை அங்கேயே எழுதிவைத்துக்கொண்டார்.

இப்போது அக்கா வாரத்தில் இரண்டு நாள் கவுன்ட்டரிலும் நான்கு நாள் கணினி அறையிலும் இருக்கிறார். மேடம்தான் உத்தரவு போட்டார். கவுன்ட்டரை முழுசாக விட்டுவிடச் சொன்னபோது அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “இங்க உக்காந்தாத்தான் என்ன உடைஞ்சிருக்குன்னு தெரியும்,” என்றாராம். இந்த மாதம் பரிசோதனை முடிவுகள் வரும் பக்கத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். முடிவுகளை யாரோ வெறும் படமாக ஏற்றி வைத்திருப்பதால் அண்ணியின் போன் அதில் ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை. நேற்று மதியம் அந்தப் பக்கமாகப் போனேன். சாருக்கும் அக்காவுக்கும் ஓர் அட்டவணையைப் பற்றி வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பாக்கள் இரண்டும் திறந்தபடி ஆறிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். “நல்ல நேரத்துல வந்தே. உன் போனைக் கொடு, இது உனக்கு எப்படித் தெரியுதுன்னு பாப்போம்,” என்றார்.